'ஆஃப்டர்' எந்த வகைச் சொல்? ஆங்கில இலக்கணம் சொல்லித்தருவதில் நாம் தடுமாறும் இடங்கள்

2016 மே மாதம். இங்கிலாந்தில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் எழுத வேண்டிய இலக்கணத் தேர்வு தேவையா இல்லையா என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கல்வி அமைச்சர் நிக் கிப் பிபிசி வானொலியில் தேர்வை ஆதரித்துப் பேச வந்திருந்தார். "ஐ வென்ட் டு தி சினிமா ஆஃப்டர் ஐ ஹேட் ஈட்டன் மை டின்னர்" என்ற வாக்கியத்தைச் சொல்லி, இதில் 'ஆஃப்டர்' ப்ரிப்போசிஷனா (பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்), சபார்டினேட்டிங் கன்ஜங்ஷனா (துணை வாக்கியத்தை இணைக்கும் சொல்) என்று தொகுப்பாளர் கேட்டார். அமைச்சர் ப்ரிப்போசிஷன் என்றார். அந்தத் தேர்வு பின்பற்றும் இலக்கணத்தின்படி அது தவறான விடை. 'ஆஃப்டர் டின்னர்' என்று பின்னால் வெறும் பெயர்ச்சொல் வந்தால்தான் ப்ரிப்போசிஷன். 'ஐ ஹேட் ஈட்டன்' என்று எழுவாயும் வினையும் உள்ள துணை வாக்கியம் வந்தால் அது கன்ஜங்ஷன்.

அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலரும் அமைச்சருக்கு இலக்கணம் தெரியவில்லை என்பதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஆங்கிலமே தாய்மொழியான, நன்றாகப் படித்த ஒருவர், தினம் நூறு தடவை சரியாகப் பயன்படுத்தும் ஒரு சொல்லுக்கு வகைப் பெயர் சொல்லத் திணறுகிறார் என்றால், வகைப் பெயர் சொல்லும் திறமையும் மொழியைப் பயன்படுத்தும் திறமையும் ஒன்றில்லை. நம் வகுப்பறைகளில் முதலாவதைத்தான் மணிக்கணக்காகச் சொல்லித்தருகிறோம். கோடிட்ட சொல் நவுனா வெர்பா என்று சரியாக எழுதி முழு மார்க் வாங்கும் பிள்ளை, அதே தாளில் கடிதம் எழுதும்போது 'ஐ ஆம் கோ டு ஸ்கூல்' என்று எழுதுகிறது. இது ஏன் நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எட்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. பேச்சுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. லத்தீன் இலக்கணக்காரர்கள் 'கூற்றின் பகுதிகள்' என்ற பொருளில் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. வாக்கியத்துக்குள் சொற்கள் செய்யும் வேலையை வைத்து அவற்றைப் பிரித்த கூட்டங்கள் என்பதுதான் பொருள். இன்றைய மொழியியலில் வேர்ட் கிளாஸ், சொல்வகை, என்று எளிமையாகச் சொல்கிறார்கள்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனீசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகைகள் இருந்தன. அந்தப் பட்டியலில் பெயரை வர்ணிக்கும் அட்ஜெக்டிவ் கிடையாது, அதைப் பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். 'தி' போன்ற ஆர்ட்டிகிள் தனி வகை, வினையிலிருந்து பிறந்து பெயரை வர்ணிக்கும் பார்ட்டிசிபிள் தனி வகை. ரோமானியர்கள் இதை லத்தீனுக்கு எடுத்துக்கொண்டபோது, லத்தீனில் ஆர்ட்டிகிளே இல்லாததால் அந்த இடத்தில் 'ஐயோ' போன்ற உணர்ச்சிச் சொல்லான இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்து எட்டை எட்டாகவே வைத்துக்கொண்டார்கள். 1586இல் வில்லியம் புல்லோக்கர் எழுதிய முதல் ஆங்கில இலக்கணமும் இந்த லத்தீன் சட்டையைத்தான் ஆங்கிலத்துக்கு மாட்டியது. 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதியதில் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது. இன்றைய பாடநூல்கள் 'எ', 'தி', 'திஸ்', 'மை', 'சம்' எல்லாவற்றையும் டிடர்மினர் என்று ஒரு கூட்டமாக்கிவிட்டன, ஆனால் நாம் படித்த பழைய இலக்கணப் புத்தகங்களில் அவை அட்ஜெக்டிவுக்குள் இருந்தன. அப்பா படித்ததும் பிள்ளை படிப்பதும் ஒத்துப்போகாமல் வீட்டுப்பாட நேரத்தில் சண்டை வருவதற்கு இது ஒரு காரணம்.

நம் பக்கம் பாருங்கள். தொல்காப்பியம் சொற்களைப் பெயர், வினை என்று முதலில் இரண்டாக வைத்துவிட்டு, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வரும் என்கிறது. மொத்தம் நான்கு. தமிழுக்கு நான்கு போதும், ஆங்கிலத்துக்கு எட்டோ ஒன்பதோ பத்தோ தேவைப்படுகிறது. மொழியின் அமைப்பைப் பார்த்து மனிதர்கள் போட்ட கோடுகள் இவை, அதனால் ஓரங்களில் சந்தேகம் வரத்தான் செய்யும். இதை ஆசிரியர் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. சந்தேகம் வந்தால் தனக்குத்தான் புத்தி இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்வதைவிட மோசமான விளைவு இந்தப் பாடத்தில் வேறில்லை.

## மனப்பாட வரையறை எங்கே உடைகிறது?

'எ நவுன் இஸ் த நேம் ஆஃப் எ பெர்சன், பிளேஸ் ஆர் திங்.' 'எ வெர்ப் இஸ் அன் ஆக்ஷன் வேர்ட்.' நம்மில் பாதிப் பேரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். இரண்டுமே பொருளை வைத்துச் சொல்லும் வரையறைகள், பிரச்சினை அங்கேதான்.

செயலைக் குறிப்பது வெர்ப் என்றால் 'அரைவல்', 'எக்ஸ்ப்ளோஷன்', 'ரேஸ்' எல்லாம் செயல்தானே, அவை ஏன் நவுன்? 'நோ', 'பிலாங்', 'இஸ்' இவற்றில் என்ன செயல் நடக்கிறது, அவை ஏன் வெர்ப்? 'ரெட்' ஒரு நிறத்தின் பெயர்தானே, அது ஏன் அட்ஜெக்டிவ்? ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் அது சரியான கேள்வி. வரையறைதான் ஓட்டை.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இந்த ஓட்டை இன்னும் பெரிதாகிறது, ஏனென்றால் ஒரே பொருளை இரண்டு மொழிகளும் இரண்டு வேறு வகைச் சொற்களில் வைத்திருக்கின்றன. 'பசிக்கிறது' வினைச்சொல், காலம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் அதே பசி 'ஹங்ரி' என்ற அட்ஜெக்டிவ். 'பயப்படுகிறான்' வினை, 'அஃப்ரெய்ட்' அட்ஜெக்டிவ். 'காய்ச்சலடிக்கிறது' என்று நாம் வினையாகச் சொல்வதை அவர்கள் 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்று பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை 'ஐ ஹங்ரி' என்று எழுதுவதில் ஆச்சரியமே இல்லை. அதன் மனதில் பசி ஒரு வினை, வினை வந்துவிட்டது, அப்புறம் 'ஆம்' எதற்கு?

## சொல் தனியாக நிற்கும்போது அதற்கு வகை கிடையாது

இதுதான் இந்தப் பாடத்தின் அச்சாணி என்பது என் கருத்து. இதை நம் பிள்ளைகளுக்குப் புரியவைக்க ஆங்கிலம்கூட வேண்டாம், 'ஓடு' என்ற ஒரு சொல் போதும்.

'ஓடு' எந்த வகைச் சொல் என்று கரும்பலகையில் தனியாக எழுதிக் கேளுங்கள். வினை என்று பாதி வகுப்பு சொல்லும். 'கூரையில் ஓடு உடைந்தது' என்று எழுதினால் பெயர். 'அண்ணனோடு போனேன்' என்றால் வேற்றுமை உருபு, அதாவது இடைச்சொல். மூன்றும் வெவ்வேறு சொற்கள்தான், ஆனால் காதுக்கும் கண்ணுக்கும் ஒன்று. எது எது என்று வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கிறது. 'மலர்', 'படி', 'அடி' என்று பிள்ளைகளே அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். 'ரவுண்ட்' என்ற ஒரு சொல்:

1. 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் மேசையின் வடிவம் சொல்கிறது, அட்ஜெக்டிவ்.
2. 'ஹி லாஸ்ட் தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்' என்றால் ஒரு சுற்று, நவுன்.
3. 'தி கார் ரவுண்டட் தி கார்னர்' என்றால் திரும்பியது, வெர்ப்.
4. 'வி வாக்டு ரவுண்ட் தி டெம்பிள்' என்றால் கோயிலைச் சுற்றி, ப்ரிப்போசிஷன்.
5. 'ஷி டர்ன்டு ரவுண்ட்' என்றால் திரும்பிப் பார்த்தாள், வினையை வர்ணிப்பதால் அட்வெர்ப்.

'ஓடு' விஷயத்தில் தற்செயலாக ஒத்துப்போன சொற்களைப் பார்த்தோம். ஆங்கிலத்திலோ ஒரே சொல்லை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது அன்றாட வழக்கம். 'வாட்டர் தி பிளான்ட்ஸ்', 'புக் எ டிக்கெட்', 'கூகிள் இட்' எல்லாம் பெயரை வினையாக்கியவை. தமிழில் வினைக்குப் பெரும்பாலும் விகுதி ஒட்டியாக வேண்டும். ஆங்கிலத்தில் விகுதிகள் பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டதால் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் வகையைச் சொல்கிறது. ஆகவே 'கீழ்க்கண்ட சொற்களின் வகையை எழுதுக' என்று பத்துச் சொற்களைத் தனித்தனியாகக் கொடுக்கும் பயிற்சியை அடியோடு விட்டுவிடலாம்.

## வகையைக் கண்டுபிடிக்க நான்கு சோதனைகள்

அமெரிக்க மொழியியலாளர் சார்ல்ஸ் ஃப்ரீஸ் 1952இல் வெளியிட்ட ஆய்வில், பொருளைக் கேட்காமல், வாக்கியத்தில் ஒரு காலி இடம் விட்டு அதில் எந்தெந்தச் சொற்கள் பொருந்துகின்றன என்று பார்த்தே ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டினார். நான்கு பெரிய வகைகளும், 'தி', 'அட்', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்களில் பதினைந்து குழுக்களும் அவருக்குக் கிடைத்தன. அந்தப் பட்டியல் நமக்கு வேண்டாம், வழி வேண்டும்.

1. இடம். 'தி ______ இஸ் ஹியர்' என்ற காலி இடத்தில் நின்றால் நவுன். 'தே ______ எவ்ரி டே' என்பதில் நின்றால் வெர்ப். 'எ வெரி ______ பாய்' என்பதில் நின்றால் அட்ஜெக்டிவ்.
2. வடிவம். 'எஸ்' சேர்த்துப் பன்மையாக்க முடிகிறதா? காலம் மாற்ற முடிகிறதா? 'டாலர்', 'டாலஸ்ட்' போல ஒப்பிட முடிகிறதா?
3. மாற்று. அந்த இடத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு சொல்லை வைத்துப் பார்ப்பது. 'இட்' வைக்க முடிந்தால் அங்கே இருந்தது பெயர், அல்லது பெயரைத் தலையாகக் கொண்ட ஒரு தொடர்.
4. பொருள். இது கடைசியில்தான்.

பொருள் கடைசியில் வந்தாலும் வேலை நடக்குமா என்று சந்தேகம் வரலாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "கிமுக்கன் தன் பழைய தொபுவியை மெல்ல மொசுக்கினான்." கிமுக்கன் யார், தொபுவி என்ன என்று யாருக்கும் தெரியாது, நான் இப்போது உண்டாக்கிய சொற்கள். ஆனாலும் மொசுக்கியது யார், மொசுக்கப்பட்டது எது, எப்போது நடந்தது என்பதற்கெல்லாம் நாம் பதில் சொல்லிவிடுவோம். 'ஐ' உருபும் 'இனான்' என்ற முடிவும் சொல்லிக்கொடுத்துவிட்டன. 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் 'வக்' என்ற இல்லாத பிராணியின் படத்தைக் காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டபோது, கேட்டே இராத அந்தச் சொல்லுக்கு 'வக்ஸ்' என்று பன்மை சொன்னார்கள். இலக்கணம் வரையறைக்கு முன்பே உள்ளே இருக்கிறது. தாய்மொழியில் உள்ளே இருப்பதை இரண்டாம் மொழியில் பழக்கத்தால் கொண்டுவர வேண்டும், அதுதான் ஆசிரியரின் வேலை.

## தமிழ் எங்கே கை கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது?

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்று இருக்கும் பள்ளிகள் ஒரு நல்ல கருவியைத் தூக்கிப் போடுகின்றன என்றே சொல்வேன். பிள்ளை செய்யும் பிழைகளில் பெரும்பகுதி தமிழிலிருந்து வருகிறது. அதைத் தமிழ் வழியாகவே பார்த்தால்தான் வேர் தெரியும்.

'ஆன'வும் 'ஆக'வும். நல்ல உதவி இங்கே கிடைக்கிறது. 'அழகான பாட்டு' அட்ஜெக்டிவ், 'அழகாகப் பாடினாள்' அட்வெர்ப். 'வேகமான பஸ்', 'வேகமாகப் போகிறது'. 'ஆன' வந்தால் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் அட்வெர்ப் என்று சொன்னால் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அடுத்த வாரமே 'ஷி இஸ் பியூட்டிஃபுல்லி' என்று எழுதி வருவார்கள். காரணம், நாம் 'அவள் அழகாக இருக்கிறாள்' என்கிறோம், 'ஆக' இருக்கிறது! சாப்பாடு ருசியாக இருக்கிறது, அவன் சோகமாகத் தெரிகிறான், பால் புளிப்பாக இருக்கிறது, எல்லாவற்றிலும் 'ஆக'. ஆங்கிலத்தில் 'இஸ்', 'லுக்ஸ்', 'டேஸ்ட்ஸ்', 'பிகேம்' போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும் சொல் எழுவாயைத்தான் வர்ணிக்கிறது, ஆகவே அங்கே அட்ஜெக்டிவ்: 'ஷி இஸ் பியூட்டிஃபுல்', 'ஹி லுக்ஸ் சேட்'. பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: அழகு அவளுக்கா, அவள் பாடும் விதத்துக்கா? அவளுக்கு என்றால் அட்ஜெக்டிவ். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பத்து வாக்கியம் பழகினால் போதும். 'எல்வை'யில் முடிவதெல்லாம் அட்வெர்ப் என்ற குறுக்கு வழியை மட்டும் தராதீர்கள். 'ஃபிரெண்ட்லி', 'லவ்லி' அட்ஜெக்டிவ்கள், 'ஃபாஸ்ட்' 'ஹார்ட்' இரண்டு வேலையும் செய்யும், 'ஹார்ட்லி' என்றாலோ பொருளே மாறிவிடும்.

'கு' என்ற ஒற்றை எழுத்து. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

1. பள்ளிக்குப் போனான்: 'டு ஸ்கூல்'.
2. உனக்கு வாங்கினேன்: 'ஃபார் யூ'.
3. ஐந்து மணிக்கு வந்தான்: 'அட் ஃபைவ்'.
4. நூறு ரூபாய்க்கு விற்றான்: 'ஃபார் எ ஹண்ட்ரட் ருப்பீஸ்'.
5. வீட்டுக்குப் போனான்: 'வென்ட் ஹோம்'. இங்கே ப்ரிப்போசிஷனே கிடையாது, ஏனென்றால் 'ஹோம்' அட்வெர்பாக நிற்கிறது.
6. எனக்குத் தெரியும்: 'ஐ நோ'. 'கு' ஏற்ற சொல் அங்கே எழுவாயாகவே மாறிவிடுகிறது.

'கு' என்றால் 'டு' என்று மூன்றாம் வகுப்பில் ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் 'வென்ட் டு ஹோம்' என்ற பிழை கல்லூரி வரை கூட வருகிறது. நம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு பின்னால் நிற்கும், ஆங்கில ப்ரிப்போசிஷன் தனியாக முன்னால் நிற்கும் என்ற இட வேறுபாட்டைப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று இணை கிடையாது என்பதுதான் கஷ்டம். 'டிஸ்கஸ் அபௌட்' என்று பெரியவர்களே எழுதுவதற்கும் இதுவே காரணம்: நாம் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம், ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கியிருக்கிறது. ஆகவே ப்ரிப்போசிஷன்களைத் தனிப் பட்டியலாகப் படிக்கவைக்க வேண்டாம். 'லிசன் டு', 'வெயிட் ஃபார்', 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று சோடியாகவே காதில் விழட்டும்.

வினை இல்லாத வாக்கியம். 'அவர் டாக்டர்.' தமிழில் முழு வாக்கியம், பெயர்ப் பயனிலை. ஆங்கிலத்தில் வினை இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதனால் 'இஸ்' வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் 'ஐ வந்தால் ஆம், ஹி வந்தால் இஸ்' என்று மட்டும் சொல்லித்தந்தால், பிள்ளை அதை எல்லா இடத்திலும் ஒட்டி 'ஐ ஆம் கோ' என்கிறது. 'கோ' ஏற்கெனவே வினை, அதற்கு 'ஆம்' துணை வேண்டுமென்றால் 'கோயிங்' ஆக வேண்டும். சொல்வகை அறிவு நேரடியாகப் பயன்படும் இடம் இது: இந்த வாக்கியத்தில் வினை எது என்று கேட்டாலே பிழை தெரிந்துவிடும்.

பெயரெச்சம். 'நேற்று வந்த பையன்' என்பதில் 'வந்த' பெயரெச்சம், பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் இது பெயருக்குப் பின்னால் போய் 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' ஆகும். தமிழ் வகுப்பில் பெயரெச்சம் படித்த பிள்ளைக்கு இதை இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். படித்ததை இணைத்துக் காட்ட ஆள் இல்லாததால் தமிழ் இலக்கணம் ஒரு அறையிலும் ஆங்கில இலக்கணம் இன்னொரு அறையிலும் கிடக்கிறது.

எண்ண முடியாத பெயர்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் தாராளமாகப் பன்மை போடுகிறோம், 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'எஸ்' கிடையாது.

## ஒரு வகுப்பு எப்படி இருக்கலாம்?

நாற்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை, பழைய காலண்டர் தாளை வெட்டிய சீட்டுகள். அவ்வளவு போதும். சீட்டுக்கு ஒரு சொல்: 'தி', 'லிட்டில்', 'கேர்ள்', 'ஸ்லெப்ட்', 'அண்டர்', 'தி', 'மேங்கோ', 'ட்ரீ'. எட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சீட்டோடு வரிசையாக நிற்கிறார்கள்.

முதலில் வினையைத் தேடச் சொல்லுங்கள். பெயர்ச்சொல்லில் ஆரம்பிப்பது நம் வழக்கம், நான் வினையில் ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் நம் பிள்ளைகளின் பிழைகள் அதிகம் குவிவது அங்கே. 'நாளைக்கு' என்று சொன்னால் எந்தச் சீட்டு மாற வேண்டும்? 'ஸ்லெப்ட்' மட்டும், அது 'வில் ஸ்லீப்' ஆகிறது. மாறியது வெர்ப். வரையறை சொல்லாமலே கண்டுபிடித்தாயிற்று. அடுத்து, 'லிட்டில்' சீட்டு உட்காரட்டும். வாக்கியம் நிற்கிறதா? நிற்கிறது. 'கேர்ள்' உட்காரட்டும். நிற்கவில்லை. 'தி லிட்டில் கேர்ள்' மூவரும் உட்கார்ந்து 'ஷி' என்ற ஒரு சீட்டு வரட்டும். நிற்கிறது. ஆகவே ப்ரோநவுன் ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக வருவது என்று நாம் படித்தது முழுக்கச் சரியில்லை, அது அந்த முழுத் தொடருக்கும் பதிலாக வருகிறது. 'தி லிட்டில் ஷி' என்று யாரும் சொல்வதில்லையே.

'மேங்கோ' சீட்டில் வாக்குவாதம் வரும், வர வேண்டும். 'ட்ரீ' என்பதை வர்ணிப்பதால் அட்ஜெக்டிவ் என்று சிலர், மாங்காய் ஒரு பொருள் என்பதால் நவுன் என்று சிலர். சோதனையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'வெரி மேங்கோ ட்ரீ' முடியுமா? முடியாது. 'தி ட்ரீ இஸ் மேங்கோ' என்று மரத்தை வர்ணிக்க முடியுமா? முடியாது. அப்படியானால் அது நவுன்தான், இன்னொரு நவுனுக்கு முன்னால் நின்று அடைமொழி வேலை பார்க்கிறது. பனைமரம், பள்ளிக்கூட மணி என்று நாமும் அதைத்தானே செய்கிறோம்.

ப்ரிப்போசிஷனுக்கு ஒரு வாரம்கூடச் செலவழிக்கலாம், டிடர்மினருக்கும் அப்படியே, ஏனென்றால் 'எ', 'தி' தமிழில் இல்லை. இன்டர்ஜெக்ஷனுக்கு ஐந்து நிமிடம் போதும். எட்டு வகைக்கும் சம நேரம் ஒதுக்கும் பாடத்திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை.

## இதனால் பிள்ளைகள் நன்றாக எழுதுவார்களா?

இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. நியூசிலாந்தில் வார்விக் எல்லி குழுவினர் மூன்று ஆண்டுகள் மாணவர்களைப் பின்தொடர்ந்து 1976இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கணம் படித்த வகுப்புகளுக்கும் அந்த நேரத்தை வாசிப்பிலும் எழுத்திலும் செலவிட்ட வகுப்புக்கும் எழுத்துத் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2007இல் அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாமும் டோலோரஸ் பெரினும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, தனியாக இலக்கணம் நடத்துவதன் பலன் சுழிக்கும் கீழே போனது. சின்னச் சின்ன வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்கு நல்ல பலன் இருந்தது. 2012இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மைஹில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தாமல் பிள்ளைகள் எழுதும் எழுத்தோடு சேர்த்துச் சொல்லித்தந்தபோது முன்னேற்றம் இருந்தது, ஏற்கெனவே நன்றாக எழுதுபவர்களுக்கு அது அதிகமாகவே இருந்தது.

இந்த ஆய்வுகளை அப்படியே எடுத்துக்கொண்டு இலக்கணமே வேண்டாம் என்று நம் ஊரில் சொல்லிவிடக் கூடாது. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியவை அவை. வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு 'ஹி கோ' ஏன் சரியாக ஒலிக்கவில்லை என்று காது சொல்லாது, யாராவது சுட்டிக்காட்டத்தான் வேண்டும். ஆனால் சுட்டிக்காட்டியதும் அந்த இடத்திலேயே பேசவும் எழுதவும் வாய்ப்பு வேண்டும். வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியை நாளைக்கே தொடங்கலாம், செலவு எதுவும் இல்லை: 'இட் ரெய்ன்டு. வி பிளேடு.' இந்த இரண்டையும் 'பட்' வைத்து, 'ஆல்தோ' வைத்து, 'ஆஃப்டர்' வைத்து மூன்று விதமாக எழுது என்றால், கன்ஜங்ஷன் என்ன செய்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

## மறுபடியும் 'ஆஃப்டர்'

அந்த அமைச்சர் சொன்ன விடைக்கு வருவோம். டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இலேயே ஒரு கேள்வி எழுப்பியிருந்தார்: 'பிலீவ்' என்ற வினை பின்னால் பெயர் வந்தாலும் துணை வாக்கியம் வந்தாலும் வினையாகவே இருக்கிறது, 'ஆஃப்டர்' மட்டும் ஏன் இரண்டு வகையாகப் பிரிய வேண்டும்? 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இந்த வழியிலேயே போய், துணை வாக்கியத்துக்கு முன்னால் வரும் 'ஆஃப்டர்' என்பதையும் ப்ரிப்போசிஷன் என்றே வகைப்படுத்துகிறது. அதாவது பள்ளித் தேர்வில் மார்க் போயிருக்கும் விடை, ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட மிகப் பெரிய இலக்கணங்களில் ஒன்றில் சரியான விடை.

தேர்வு எழுதும் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன சொல்வது? தேர்வில் பாடநூல் சொல்லும் வகையை எழுது, பின்னால் எழுவாயும் வினையும் வந்தால் கன்ஜங்ஷன், வெறும் பெயர் வந்தால் ப்ரிப்போசிஷன். அப்புறம் 'ஆஃப்டர் ஐ ஃபினிஷ்டு மை ஹோம்வொர்க்' என்று ஆரம்பித்து, நேற்று சாயங்காலம் நடந்ததை ஐந்து வாக்கியம் எழுதிக் கொண்டுவா.